ஈயம் வைக்காத இணைப்பு

பாட்டு டீச்சரின் சாம்பல் நிறக் கார் பட்டறை வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதுமே என் வீட்டுக்காரர் தலைமுடியைக் கையால் கோதிக்கொண்டார். கையில் இருந்த கிரீஸ் நெற்றியில் ஒரு கோடாக ஒட்டியது. நான் சொல்லவில்லை. அப்படியே போய் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காருக்கு வயரிங் வேலை செய்யும் பட்டறை எங்களுடையது. அவர் பிரிப்பார், மாட்டுவார். நான் மீட்டர் வைத்துப் பார்ப்பேன். கொஞ்ச நாளைக்கு முன்னால் இந்த டீச்சர் ஆன்லைனில் ஒரு ரிமோட் ஸ்டார்ட்டர் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள்ளிருந்தே பொத்தானை அமுக்கினால் கார் தானாக ஸ்டார்ட் ஆகும். அவள் ஏறும்போது ஏசி குளிர்ந்திருக்கும். அவர் மாட்டிக்கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. ரிமோட்டை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும், என்ஜின் கொஞ்சம் ஓடும், அணைந்துவிடும். அவள் சாவி போட்டு ஓட்டிக்கொண்டு வருவாள். அவர் ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்து ஏதோ செய்வார், சரியாகிவிடும். கொஞ்ச நாளில் மறுபடி வந்து நிற்பாள். இதோடு இது ஐந்தாவது தடவை.

"வெளிச் சாமான் மேடம், அப்படித்தான் மக்கர் பண்ணும். எத்தனை தடவை வேணும்னாலும் வாங்க, நான் இருக்கேன்ல" என்று குழைவார். செய்த வேலை திரும்பி வந்தால் அடுத்தவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற மனுஷன் பேசுகிற பேச்சு இது.

முதலில் அவள் "அண்ணா" என்றுதான் கூப்பிட்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. போன தடவை "மாஸ்டர்" என்றாள். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் தெரியும். இருந்தாலும் வயிறு எரிந்தது. அவள் அழகா என்றால், அழகுதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று பட்டது. இவளே ரிமோட்டை அமுக்கி அணைத்துவிட்டு, பழுது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வருகிறாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று எழுந்தேன்.

"ஸ்டாக்ல ரிலே தீர்ந்துபோச்சு, போய் வாங்கிட்டு வாங்க. இந்த வண்டிய நான் பாக்கறேன்" என்றேன்.

"நீ எதுக்கு? முதுகு வலிக்குதுன்னியே."

"இப்ப வலிக்கல."

நேற்று நான் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது டீ கேட்டவர் அவர். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

டீச்சரிடம் ரிமோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தள்ளி ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ரிமோட் பேட்டரியை மீட்டரில் பார்த்தேன், நன்றாக இருந்தது. பானெட் திறந்திருந்தாலும் ரிமோட்டில் என்ஜின் நிற்காது ஓடாது, அதுவும் சரியாக மூடியிருந்தது. பொத்தானை அமுக்கினேன். என்ஜின் பிடித்தது, ஏசி வீசியது, பிறகு அணைந்தது. ரிமோட் என் கையில். அவளோ அங்கே கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஆக, அவள் வேலை இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கீழ் மூடியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். இந்த முறை நின்று ஓடியது. ஓடும்போதே ஒவ்வொரு வயராகப் பிடித்து லேசாக ஆட்டினேன். ஒன்றைத் தொட்டதும் பொசுக்கென்று அணைந்தது. என்ஜின் ஓடுகிறது என்று ஸ்டார்ட்டர் பெட்டிக்குச் சொல்லும் வயர் அது. அந்தச் செய்தி வராவிட்டால், என்ஜின் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

டேப்பைப் பிரித்தேன். உள்ளே செம்புக் கம்பிகளை வெறுமனே முறுக்கி விட்டிருந்தது. முறுக்கின இடம் விலகாமல் உருக்கி வைக்கிற ஈயம் இல்லை.

தூக்கத்தில் எழுப்பிவிட்டால்கூட ஈயம் வைத்துத்தான் டேப் சுற்றுவார் என் வீட்டுக்காரர். வேறு கடைக்காரன் ஈயம் வைக்காமல் விட்டதைப் பார்த்தால், "இவனெல்லாம் சோறுதான் திங்கறானா" என்பார். வேறு யாராவது கை வைத்திருப்பார்களோ என்று உற்றுப் பார்த்தேன். முறுக்கு இடப்பக்கமாக ஓடியது. அவர் இடதுகைக்காரர்.

இதே முறுக்கை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இந்தப் பட்டறைக்கு நான் முதலில் வந்தது என் ஸ்கூட்டர் ஹாரனைச் சரிசெய்ய. சரியாயிற்று, நின்றுபோயிற்று, மறுபடி வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் ஸ்கூட்டரைப் பிரித்தபோது ஹாரன் வயர் இப்படித்தான் இருந்தது, இடப்பக்கமாக முறுக்கி, ஈயமே இல்லாமல். கேட்டதற்கு, "நீ திரும்ப வரணுமே" என்று அசடு வழிந்தார். அந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு இல்லை. என் நாத்தனார்கூட, "எங்க அண்ணனுக்கு இவ்ளோ தெரியுமா?" என்று வாயைப் பிளந்தாள்.

எழுந்துபோய் சால்டரிங் அயர்னை எடுத்து வந்து, கம்பிகளைச் சேர்த்து ஈயம் வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. எத்தனை ஆட்டினாலும் என்ஜின் அணையவில்லை.

"இனிமே நிக்காது. நீங்க வர வேண்டியிருக்காது" என்று ரிமோட்டை நீட்டினேன்.

"அப்பாடா" என்றாள் டீச்சர். "தப்பா நினைக்காதீங்கக்கா, ஒவ்வொரு தடவையும் கிளாஸ விட்டுட்டு வரவேண்டியிருந்துச்சு. வேற கடை பாக்கலாம்னுகூட இருந்தேன்."

பாவம், அவள் மனதில் ஒன்றுமே இல்லை. அவளைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, காலியாகக் கிடந்த வாசலைப் பார்த்தார். "போயிட்டாங்களா?" என்றார். அதற்கப்புறம்தான், "எங்க இருந்துச்சு பழுது?" என்று கேட்டார்.

"என்ஜின் சிக்னல் வயர்ல. ஈயமே வைக்கல."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அவசரத்துல விட்டிருப்பேன்" என்றார்.

"ஆமா. என் ஹாரனுக்கும் அவசரம்தான்."

அவர் ரிலேயை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் செய்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். அந்த ஹாரனுக்காக என்னை இரண்டே தடவைதான் வரவழைத்தார், அதை எப்படி மறப்பது?