சகாயநாதனின் நாலாயிரத்து இருநூறு

சகாயநாதன் தன் வாழ்நாளில் எந்தப் பரீட்சையிலும் முப்பத்தைந்தைத் தாண்டியவரில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, முப்பத்தெட்டு வருடம் மில்லில் தறி ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். அப்படிப்பட்டவர் ஒரு ரத்தப் பரிசோதனையில் நாலாயிரத்து இருநூறு வாங்கினால் சும்மா இருப்பாரா? தான் குடியிருக்கும் சாரம் பேட்டை முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டார்.

இரண்டாயிரத்து எட்டில், ஏதோ ஆராய்ச்சிக்காக இதய நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்த சோதனை அது. இதயம் திணறும்போது ரத்தத்தில் ஒரு பொருள் கூடுமாம். அதை அளந்தால் ஆள் தேறுவாரா மாட்டாரா என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாமாம். அவர் இ.சி.ஜி. எடுக்கப் போயிருந்த நேரத்தில் டாக்டரம்மா அவர் மனைவி ஞானமேரியைத் தனியே அழைத்தார்.

"இது கூடக்கூட ஆபத்தும்மா. மாத்திரை விடாம குடுங்க, உப்பைக் கொறைங்க. ஆறு மாசத்துல பாதிக்குக் கீழ எறங்கிட்டா தைரியமா இருக்கலாம். எறங்கலைன்னா ஒரு வருஷம் தாண்டறதே கஷ்டம்."

ஞானமேரி வெளியே வந்தபோது அவர் ரிப்போர்ட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீக்கம், நாலடி வைத்தால் இளைப்பு. முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை.

"மேரி, நாலாயிரத்து எரநூறு! பக்கத்துல குட்டியா நூத்தி இருவத்தஞ்சுன்னு போட்டிருக்குது பாரு. அதான் பாஸ் மார்க்கு போல."

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். மூன்று தலையணையை அண்டக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குகிற மனுஷன் எத்தனையோ மாதம் கழித்துச் சிரிக்கிறார். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"பெரிய நம்பர்தாங்க" என்றாள்.

எதிர்வீட்டுக் கலியபெருமாளுக்கு அதே சோதனையில் இருநூற்றுப் பத்து. "கவலப்படாதப்பா, போகப் போக ஏறும்" என்று இவர் போய் ஆறுதல் சொன்னார். கலியபெருமாளுக்கு விஷயம் தெரியும். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தவர், சகாயநாதனுக்குப் பின்னால் ஞானமேரி கையெடுத்துக் கும்பிடுவதைப் பார்த்தார். "சரிண்ணே" என்று முடித்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

அவளும் சாமர்த்தியக்காரிதான். "இவ்ளோ நல்ல நம்பரு, உப்பு பட்டா கெட்டுப் போயிடுமாம்" என்று ஒரு போடு போட்டாள். வைத்திக்குப்பத்துக் கருவாடு இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர் வாயைக் கட்டினார். தண்ணீரைக்கூட அளந்து குடித்தார். ஊருக்கெல்லாம் ஒரு பெருமை, அவள் மட்டும் ராத்திரியில் எழுந்து எழுந்து அவர் மூச்சைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முட்டி போட்டால் எழுந்திருக்கவே மனம் வராது. பெற்ற பிள்ளைகளிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஆயிரத்து நூறு.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னதும் ஞானமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்தால், இவர் கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"போச்சு மேரி. முக்காவாசி போயிடுச்சி. வாயக் கட்டி வயித்தக் கட்டி இன்னா பிரயோஜனம்? எல்லாம் அந்த மாத்திர பண்ண வேல. இனிமே ஒண்ணுகூட முழுங்க மாட்டேன்!"

மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாக் கோடியில் இருந்த குப்பைத் தொட்டிக்கு விடுவிடுவென்று நடந்தார். இளைப்பே இல்லாமல் நடக்கிறார் என்பது அவருக்கே உறைக்கவில்லை. ஞானமேரி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அங்கேயே நின்று, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். ஏறினால் ஆபத்து, இறங்கினால்தான் நல்லது, டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார், நான்தான் மறைத்தேன்.

மனுஷன் கோபக்காரர். ஊர் முன்னால் என்னைக் கோமாளியாக்கிவிட்டாயே என்று கத்துவார் என அவள் தயாராக நின்றாள். அவர் கத்தவில்லை. மாத்திரைப் பையைத் திரும்பவும் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அப்போ, ஆறு மாசமா நீ ஒண்டியாவா பயந்துனு இருந்த?"

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அத்தனை பேர் நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் தோள் துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அடுத்த வாட்டி ஏறுச்சின்னா எங்கிட்ட சொல்லிடு மேரி. ரெண்டு பேரும் சேந்தே பயப்படலாம்."