தலைப்புக்கு ஒரு சொல்

வியாழக்கிழமை மதியம் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஐந்து தீர்ப்புகள் வந்து சேர்ந்தன. தலைநகர் நிருபர் அவசர அவசரமாக அடித்து அனுப்பியிருந்தார். அதை இன்னும் சுருக்கி, வக்கீல்களின் மொழியைக் கழற்றிவிட்டு, பேருந்தில் நின்றுகொண்டு படிப்பவருக்கும் விளங்கும்படி ஆக்குவது துணை ஆசிரியரின் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் ஏழாம் பக்கத்தில் ‘இந்த வாரத் தீர்ப்புகள்’ என்று வரும். அவருக்கு அந்த வேலை பிடிக்கும். யார் யாரோ இருபது வருடம் அடித்துக்கொண்ட சண்டை நான்கு வரியில் ஒரு முடிவுக்கு வந்து உட்காரும்போது, தன் மேசையையே யாரோ துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

முதல் தீர்ப்பு வீட்டுச் சொந்தக்காரருக்குச் சாதகம். தன் வீட்டில் தான் குடியிருக்க வேண்டும் என்று அவர் கேட்டால், உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் வீடு போதாதா என்று வாடகைக்காரர் கேட்க முடியாது. இரண்டாவது, அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த மகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு. மூன்றாவது, பத்து வருடமாகத் தற்காலிகம் என்ற பெயரிலேயே வேலை வாங்கப்பட்ட செவிலியர்களை நிரந்தரமாக்க வேண்டும். நான்காவது, லாரி ஓட்டுநரின் உரிமம் காலாவதியாகிவிட்டது என்பதை மட்டும் சாக்காக வைத்துக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கக் கூடாது. நான்கையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு ஐந்தாவதைத் திறந்தார்.

விபத்தில் மூளை அடிபட்டு, பல வருடமாக நினைவு திரும்பாமல் கிடக்கும் ஓர் இளைஞன். இனித் தேறுவான் என்று சொல்ல ஒரு மருத்துவரும் இல்லை. குழாய் வழியாக உணவு செலுத்துவதும் சிகிச்சைதான் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. எந்தப் பயனும் இல்லாத சிகிச்சையை, இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொண்டு, குடும்பத்தாரும் ஒருமனதாகச் சம்மதித்தால், நிறுத்தலாம்.

அவர் எழுந்து தேநீர் இயந்திரம்வரை போனார். குவளையை வைக்காமலே பொத்தானை அழுத்தினார். தேநீர் தட்டில் கொட்டியது. துடைக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவருடைய அண்ணன் ஆறு வருடமாக அப்படித்தான் கிடக்கிறான். லிஃப்ட் மெக்கானிக். பதினான்காவது மாடியில் கயிற்றில் தொங்கி வேலை செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது, சிக்னலில் நின்றுகொண்டிருந்தவனைப் பின்னால் வந்த வேன் தூக்கி எறிந்தது. கண் திறந்திருக்கும். கொட்டாவி விடுவான். சில சமயம் கன்னம் இழுபட்டுச் சிரிப்பதுபோல இருக்கும். அது சிரிப்பு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாத அண்ணி, தாய்வீட்டுக்குப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டாள். காலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் வந்து அவனைப் புரட்டிப் போட்டு முதுகு துடைக்கிறாள்.

ஐந்தாவதை எழுதாமல் பக்கத்தை முடித்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மெய்ப்புத் திருத்துபவர் தாளோடு வந்து நின்றார். முப்பது வருடமாக அலுவலகத்துக்கே கால்புள்ளி வைத்துக்கொண்டிருப்பவர் என்பதால் அவருக்குப் பெயரே கால்புள்ளி.

“நாலுதான் இருக்கு.”

“இடம் இல்ல.”

“நிருபர் போன் பண்ணாரு. வாரத்துல பெரிய தீர்ப்பே அதுதானாம். லாரிக்கு இடம் இருக்கு, ஆளுக்கு இல்லையா?” என்றவர், துணை ஆசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் வேணா அடிச்சுத் தரட்டுமா? நீங்க சும்மா உக்காருங்க.”

“வேண்டாம். நானே எழுதறேன்.”

எழுதினார். எட்டு வரி. மற்ற நான்கிலும் செய்ததுபோலவே, வழக்குப் போட்டவர் யார், எங்கிருந்து வந்தார் என்பதையெல்லாம் வெட்டினார். தலைப்பில்தான் வண்டி நின்றது. ‘மீள முடியாத நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்த அனுமதி’ என்று போட்டார். செய்தி ஆசிரியர் தன் அறையிலிருந்தே கூப்பிட்டார்.

“என்னய்யா இது, மருந்துச் சீட்டு மாதிரி? கருணைக் கொலைன்னு போடு. நாலு பேருக்குப் புரியணும்.”

“தீர்ப்புல அந்த வார்த்தையே இல்ல சார். ஊசி போட்டுக் கொல்றது வேற, இது வேற. நீதிபதி தனியா ஒரு பத்தியே எழுதியிருக்காரு.”

“நீதிபதிக்கு எத்தன பத்தி வேணா இருக்கும். எனக்கு ஒரு வரிதான் இருக்கு.”

“அதுல கொலைன்னு வருதே சார்.”

“முன்னாடி கருணை வருதுல்ல?”

செய்தி ஆசிரியர் கெட்டவர் இல்லை. வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டது, இப்போது அவர் நினைவில் மேலே இல்லை. நினைவுபடுத்தத் துணை ஆசிரியருக்கு வாய் வரவில்லை. “உங்க இஷ்டம் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். சொன்ன பிறகு, போராடாமல் எதிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது. வழக்கமான நேரத்துக்கு முன்பே கிளம்பினார். பேருந்தில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

வீட்டில் அண்ணி அண்ணனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையில் மிக்ஸி ஓட்டும் சத்தம். காய்கறியும் அரிசியும் வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, வயிற்றுக் குழாயில் ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவருவாள். அந்தப் பதம் வேறு யாருக்கும் வராது என்பது அவள் எண்ணம். ஊற்றி முடித்ததும் யாரும் கேட்காமலே “சாப்பிட்டான்” என்பாள்.

அவர் சட்டையைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், கட்டில் அருகே வந்து நின்றார், ஜன்னலைப் பார்த்தார்.

“உக்காருங்க தம்பி. நீங்க நின்னுட்டே இருந்தா எனக்கு நகம் வெட்ட வரல” என்றாள் அண்ணி. பிறகு தலையைத் தூக்காமலே, “காலையிலேயே தெரியும். லேப்ல டிவி ஓடிட்டிருந்துச்சு. ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுத்துட்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு ரெண்டு தடவ குத்திட்டேன்.”

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாளைக்கு உங்க பக்கத்துல வருதா?”

“வருது.”

“அத்தை அதத்தான் முதல்ல படிப்பாங்க. எப்படிப் போட்டிருக்கீங்க? அந்த வார்த்தையப் போட்டிருக்கீங்களா?”

எந்த வார்த்தை என்று அவர் கேட்கவில்லை. “சிகிச்சையை நிறுத்தன்னு போட்டேன்.”

“அப்படியேதான் வருமா?”

“வரும்னு நெனைக்கறேன்.”

அண்ணி கட்டைவிரலுக்கு வந்திருந்தாள். அந்த நகம் தடித்துப் போயிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தாள். “இவ்வளவு வருஷத்துல எனக்கு என்ன தோணுதுன்னு இந்த வீட்டுல யாரும் கேட்டதில்ல. கேக்காம இருக்கறது எவ்வளவு பெரிய மரியாதைன்னு நெனச்சுக்குவேன். இப்ப கோர்ட்டே கேக்குது. எல்லாரும் சம்மதிக்கணுமாமே.”

“யாரும் உங்களக் கட்டாயப்படுத்தல அண்ணி.”

“அதுக்கில்ல. நான் சரின்னு சொன்னா, பாரு, இவளுக்கு விடுதலை வேணும்னு பேசுவாங்க. வேண்டாம்னு சொன்னா, நல்ல பேர் வாங்கறதுக்காக அவரப் படுக்க வெச்சிருக்கேன்னு எனக்கே தோணும். எதச் சொன்னாலும் அதுல அவர் இருக்க மாட்டாரு, நான்தான் இருப்பேன்.” துணியை எடுத்து நகத்தை அழுத்திப் பார்த்தாள். “நேத்துவரைக்கும் வழியே இல்லன்னு இருந்துச்சு. அது எவ்வளவு நிம்மதின்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

மிக்ஸி நின்றது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

காலையில் அவர் எழுந்து வருவதற்குள் அம்மா பத்திரிகையைப் பிரித்திருந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஏழாம் பக்கத்தை மேசைமீது விரித்து, இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்திருந்தாள். தலைப்பு அவர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ‘கருணைக் கொலைக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி.’ வேலைக்குக் கிளம்பத் தயாராகி வந்த அண்ணியும் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தாள்.

“இது நீ எழுதுனதாடா?”

“ஆமாம்மா. தலைப்பு மட்டும் நான் வெச்சது இல்ல.”

“தலைப்ப விடு.” அம்மா விரலால் கீழே தேடி ஒரு வரியில் நிறுத்தினாள். “குழாயில கொடுக்கற சாப்பாடும் சிகிச்சைன்னு போட்டிருக்கே. சாப்பாடு எப்படிடா சிகிச்சையாகும்?”

அவரிடம் பதில் இருந்தது. நீதிபதி அதற்காகவே பல பக்கம் எழுதியிருந்தார். இந்த மேசைக்கு எதிரில் அதில் ஒரு வரிகூட எழுந்து நிற்கவில்லை.

“டாக்டருங்க சொல்லிக் கொடுக்கறதால அப்படிச் சொல்றாங்கம்மா.”

“எனக்கு எந்த டாக்டரும் சொல்லிக் கொடுக்கல. நானா கத்துக்கிட்டேன்.” மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தாள். “கேஸ் போட்டது யாரு? அதையே காணோமே. பொண்டாட்டியா?”

அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லம்மா. அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகல.”

“அப்புறம் யாரு?”

“அம்மா.”

“யாரோட அம்மா?”

“அவனோட அம்மாதான். பெத்தவங்க.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளெல்லாம் ஒரு அம்மாவா என்பாள், பத்திரிகையைச் சுருட்டி எறிவாள் என்று நினைத்தார். ஆனால் அம்மா, பக்கத்து வீட்டில் நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவளைப் பற்றி விசாரிப்பதுபோல, “அவ எத்தன வருஷம் பாத்தாளாம்?” என்று கேட்டாள்.

“பதினோரு வருஷம்.”

“பதினொண்ணு.” கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். “வக்கீல்கிட்டப் போய் என்னன்னு சொல்லி ஆரம்பிச்சிருப்பா?”

“அது தீர்ப்புல இல்லம்மா.”

“இருக்காது” என்றாள் அம்மா. “அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு.”

எழுந்து சமையலறைக்குப் போனாள். வடிகட்டி வைத்திருந்த காலை உணவைக் குவளையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள். இருவரும் பின்னால் போனார்கள். ஏன் போகிறோம் என்று இருவருக்குமே தெரியவில்லை. அண்ணன் கண் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவர்ப் பக்கம்தான் எப்போதும் அவன் முகம். ஆக்சிஜன் உருளையும் அலமாரியும் மற்ற பக்கத்தை அடைத்துக்கொண்டதால் கட்டிலை அப்படித்தான் போட முடிந்தது. அம்மா குவளையை ஜன்னல் மேடையில் வைத்தாள். ஊற்றவில்லை.

“கட்டிலத் திருப்பணும். இவன் எவ்வளவு நாளா அந்தச் சுவரையே பாத்துட்டிருக்கான்.”

“இப்பவா?” என்றார் அவர்.

“பின்ன எப்ப?”

“சாப்பாடு ஆறிடுமே அத்தை” என்றாள் அண்ணி.

அம்மா அதற்குப் பதில் சொல்லாமல் கால்மாட்டைப் பிடித்தாள். அவர் தலைமாட்டுக்குப் போனார். அண்ணி பக்கவாட்டில் நின்று ஒரு கையால் கம்பியையும் மறு கையால் குழாயையும் பிடித்துக்கொண்டாள். இரும்புக் கட்டில். தூக்கியதும் மூன்று பேருக்கும் மூச்சு முட்டியது. “மெதுவா”, “இந்தப் பக்கம்”, “கால் பாத்து”. ஆறு வருடத்தில் மூவரும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரு வேலை செய்தது இதுவாகத்தான் இருக்கும். பாதி திரும்பியபோது அலமாரியின் மூலை இடித்தது. அதற்குமேல் போகவில்லை. பழைய இடத்துக்கும் திரும்பவில்லை.

“கொஞ்சம் இறக்குங்க” என்றாள் அம்மா.

அறையின் நடுவில் குறுக்காகக் கட்டிலை இறக்கினார்கள். ஜன்னல் வெளிச்சம் போர்வையின் மேல் ஏறி, அண்ணனின் மார்புவரை வந்திருந்தது. முகத்துக்கு இன்னும் எட்டவில்லை. யாரும் கட்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று பக்கமும் நின்றார்கள். நடுவில் படுத்திருந்தவனின் மார்பு மட்டும் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.