சுபேதாரின் காது

ஞாயிற்றுக்கிழமை காலையில் அசோக்கின் மாவு மில் ஓடாது. மிளகாயும் கோதுமையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற பெண்களுக்கு அது தெரியும். பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் பாதிப் பேருக்கு அதன் காரணமும் தெரியும். ஞாயிறு காலை சாமிதுரை சாப் போன் பண்ணுவார். மில் ஓடினால் அவர் குரல் காதில் விழாது.

சாமிதுரைக்குச் சொந்த ஊர் பெரம்பலூரைத் தாண்டி ரஞ்சன்குடி. பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர்; 'சாப்' என்பது அங்கே மரியாதையாகக் கூப்பிட்டுப் பழகியது. எல்லையில் ஒரு மலைமேட்டில் முப்பது பேரை அவர் கையில் கொடுத்திருந்தார்கள். அந்த முப்பதில் அசோக்கும் ஒருவன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகும் அவர் தன் பையன்களை விடவில்லை. வாரம் தவறாமல் ஒவ்வொருத்தனாகக் கூப்பிடுவார்.

"அசோக்!"

"சாப்!"

"கால் எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கு சாப்."

"மில்லு?"

"ஓடுது சாப்."

"மேகலா?"

"அதுவும் ஓடுது சாப்" என்பான். பக்கத்தில் நிற்கிற அவன் மனைவி மேகலா முதுகில் ஒன்று வைப்பாள்.

கால் என்று அவர் கேட்பது இடது காலை. முழங்காலுக்குக் கீழே அது இப்போது அவனுடையது இல்லை, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்டது. ஒரு சாயங்காலம் எதிர்ப்பக்கத்திலிருந்து குண்டு விழ ஆரம்பித்தது. அப்போது அசோக்கும் உடையார்பாளையத்துத் தமிழரசனும் வெளியே காவலில் இருந்தார்கள். தமிழரசன் அங்கேயே போய்விட்டான். அசோக் கால் சிதைந்து கிடந்தான். பதுங்குகுழியிலிருந்து ஊர்ந்து வந்து அவனை இழுத்துக்கொண்டு போனவர் சாமிதுரைதான். இழுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பக்கத்தில் வெடித்தது. பிறகு ஸ்ட்ரெச்சரில் கீழே இறக்குகிற வழியெல்லாம், அவன் கண்ணை மூடிவிடக் கூடாதென்று, "அசோக்! அசோக்!" என்று கத்திக்கொண்டே வந்தார். "சாப்" என்று சொல்வதற்கு மட்டும்தான் அவனிடம் தெம்பு இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே பிழைத்துக்கொண்டான் என்று மேகலா நம்புகிறாள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிறு கூப்பிடவில்லை. ஏதாவது கல்யாணத்துக்குப் போயிருப்பார் என்று அசோக் நினைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறும் மில்லை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். போன் வரவில்லை. இவன் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மலைமேட்டில் கூட இருந்த பிரசாத்துக்குப் போட்டுக் கேட்டான். அவன் திருச்சியில் இருக்கிறான்.

"எனக்கும் வரலடா. நீ ஏதாச்சும் கோவப்படுற மாதிரி சொன்னியா?"

"நான் என்னடா சொல்லப்போறேன்?"

அசோக்குக்குச் சட்டென்று உண்ணாமலையின் ஞாபகம் வந்தது. தமிழரசனின் அம்மா. சாப் ஞாயிறானால் முதல் போனை அந்த அம்மாவுக்குத்தான் போடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவளைக் கூப்பிட்டான்.

"எனக்கு வந்துச்சே தம்பி, இன்னைக்குக் காலையில கூட" என்றாள் அவள். "எப்பயும்போலத்தான் இருந்தாரு. ஏன், என்ன?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மா கேட்டேன்."

அசோக் போனை வைத்தான். ஆள் நன்றாக இருக்கிறார். அவளுக்குப் போன் போகிறது. நம்மைத்தான் விட்டுவிட்டார். அன்று முழுக்க மில்லில் யார் எதைக் கேட்டாலும் வெடுக்கென்று பதில் சொன்னான். சாயங்காலம் மேகலா சொன்னாள்: "ஏங்க, இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு மிளகா அரைச்சா ஊருக்கே வயிறு எரியும். நேர்ல போயிட்டு வந்துடுங்க."

மறுநாள் புறப்பட்டான். ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் என்று மூன்று ஊரில் பஸ் மாறினான். வெயிலில் அத்தனை தூரம் உட்கார்ந்தால் மாட்டின கால் பதிகிற இடத்தில் வேர்த்து எரியும். ரஞ்சன்குடிக் கோட்டை தெரிகிற நிறுத்தத்தில் இறங்கி, கொஞ்சம் நின்று, பிறகு நடந்தான்.

கதவு திறந்திருந்தது. களத்தில் சின்ன வெங்காயம் பரப்பிக் கிடந்தது. சாமிதுரை முதுகைக் காட்டி உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்.

"சாப்!"

அவர் திரும்பவில்லை. கோபம் நிஜம்தான் என்று அசோக் நினைத்தான். "சாப், அசோக் வந்துருக்கேன் சாப்!" இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டான். அரிவாள்மணையில் வெங்காயத் தாள் சரக் சரக்கென்று விழுந்துகொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில், தரையில், போன் கிடந்தது. அசோக் தன் போனை எடுத்து அவருடைய எண்ணை அழுத்தினான். தரையில் கிடந்த போன் அலறியது. அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அவனுக்குப் புரிய ஆரம்பித்தது. சுற்றிவந்து முன்னால் நின்றான்.

சாமிதுரை நிமிர்ந்தார். முகம் முதலில் மலர்ந்தது, பிறகு திருடன் அகப்பட்டதுபோல் ஆனது. "எப்படா வந்த? சாப்டியா?" என்றார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"அக்கா எங்க சாப்?"

"மில்லு ஓடுதா? நல்லது, நல்லது."

"அக்கா! கமலவேணி அக்கா எங்க?" அசோக் கையால் தாலிக்கொடி போலக் கழுத்தில் வரைந்து காட்டினான்.

"ஓ, அவளா! சிந்துவுக்குக் குழந்தை பொறந்துருக்குடா. பையன். திருச்சிக்குப் போயி பத்து நாளாச்சு."

மற்றதெல்லாம் அசோக்குக்குத் தானாகவே விளங்கியது. இத்தனை காலமும் கமலவேணிதான் அவருக்குக் காது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, அவன் சொல்வதைச் சைகையிலும் வாயசைப்பிலும் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை மோட்டார் எரிந்துபோச்சு என்று அவன் சொன்னபோது அவர் "ரொம்ப நல்லது" என்றதும், கொஞ்ச நேரம் கழித்து "எப்படிடா எரிஞ்சுது?" என்று பதறியதும் ஞாபகம் வந்தது. அன்று அவனும் மேகலாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் வீட்டுக்கு அவள் போனதும், பட்டாளத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி நடந்த ஞாயிறு ரோல்கால் நின்றுவிட்டது.

திருச்சிக்குப் போன் போட்டுக் கமலவேணியைப் பிடித்தான். அவள் முதலில் மழுப்பினாள், பிறகு கொட்டிவிட்டாள்.

"அன்னைக்கு உன்ன இழுத்துட்டு வரும்போது வெடிச்சது பாரு தம்பி, அதுலயே ஒரு காது போச்சு. இன்னொண்ணு பாதி. சொன்னா கீழ அனுப்பிடுவாங்க, என் பையனுங்கள வேற யார்கிட்டயாவது வுட்டுடுவாங்கன்னு யாருக்கும் மூச்சு வுடல. மலையவிட்டு எல்லாரும் இறங்குற வரைக்கும் வாயப் பார்த்தே சமாளிச்சிருக்காரு. எனக்கே அவரு ஊருக்கு வந்த பொறவுதான் தெரியும். டாக்டருகிட்ட வாங்கன்னா வரமாட்டேங்குறாரு. நீ சொல்லிப் பாரு."

அசோக் திரும்பி வந்து அவர் எதிரில் கட்டிலில் உட்கார்ந்தான். தன் காதைத் தொட்டுக்காட்டி, மெஷின் வைப்பதுபோல் காட்டினான். சாமிதுரை தலையை ஆட்டினார்.

"வேணாம்டா. உனக்குக் காலு போச்சு. தமிழரசனுக்கு உசுரே போச்சு. நான் காதுக்கு மெஷின் வேணும்னு போயி நிக்கவா?"

அசோக் குனிந்தான். பேண்ட்டைச் சுருட்டினான், பட்டையை அவிழ்த்தான், காலைக் கழற்றி வெங்காயக் குவியல் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தான். ஷூவோடு அது அங்கே நின்றது. அதைச் சுட்டிக்காட்டி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: "இதுவும் மெஷின்தான். நான் மாட்டிக்கல?"

சாமிதுரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலீஷ் போட்டு வைத்திருந்த ஷூ. "லேஸ் லூசா இருக்கு" என்றார். குனிந்து அதை இழுத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "சரி, போவோம்" என்றார்.

அப்போதுதான் அசோக் கேட்டான், உண்ணாமலைக்கு மட்டும் எப்படிப் போன் போகிறது என்று. அதை அவர் புரிந்துகொள்ளும்படி கேட்பதற்குள் தொண்டை காய்ந்துவிட்டது.

"அதுக்குக் கமலா வேணாம்டா" என்றார் அவர். "மொதல்ல ஒக்காரத்தான் செஞ்சா. அந்தம்மா பேசப் பேச இவ அழுதா, எனக்கு எதையும் சொல்ல முடியல. நீ அடுப்படிக்குப் போன்னுட்டேன். அவங்க பேசுவாங்க. நான் 'ம்', 'ம்'னு சொல்லுவேன். அவங்க வச்சதும் போன்ல தெரிஞ்சிடும், நானும் வச்சிடுவேன்."

திருச்சியில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். இடது காது மொத்தமும் போய்விட்டது, வலது காதுக்கு மெஷின் வைத்தால் கேட்கும் என்றார். அடுத்த வாரமே மெஷின் வந்தது. வைத்துக்கொண்டு சிந்து வீட்டுக்குப் போனபோது பேரன் வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தான். எல்லோரும் அவனைச் சமாதானப்படுத்த ஓடினார்கள். சாமிதுரை மட்டும், "இருங்க, கொஞ்ச நேரம் அழட்டும்" என்றார். கமலவேணி அடுப்படியிலிருந்து ஏதோ முணுமுணுத்தாள். "கேக்குது" என்றார் அவர். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு அவர் அசோக்கிடம் சொன்னார்: "உடையார்பாளையம் போவணும்டா. அந்தம்மா குரல நான் கேட்டதே இல்ல."

உண்ணாமலையின் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைப் பசு கட்டியிருந்தது. தமிழரசனின் படம் உள்ளே சுவரில், சீருடையில், அரைச்சிரிப்போடு. அவள் இவர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வாங்க சாமி! வா தம்பி!" மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் கண் சாமிதுரையின் காதுக்குப் பின்னால் போய் நின்றது.

"மெஷின் வச்சிட்டீங்களா?"

சாமிதுரை டம்ளரை வாயருகில் வைத்தபடி அசோக்கைப் பார்த்தார். அசோக் தனக்குத் தெரியாது என்பதுபோல் கையை விரித்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்மா?"

"தெரியாம என்ன? ரெண்டு வருசம் முன்னாடி ஒரு நாளு பேசிட்டே இருக்கும்போது மாடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சு. போன அணைக்காம அப்படியே கீழ வச்சுட்டு மாட்டப் புடிக்க ஓடுனேன். புடிச்சுக் கட்டிட்டு வந்து பாக்குறேன், நீங்க அப்பயும் 'ம்... ம்'னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க."

அசோக்குக்கு மோர் புரையேறியது. சாமிதுரை சிரிக்கவில்லை.

"தெரிஞ்சுமா அதுக்கப்புறம் பேசுன?"

"அதுக்கப்புறந்தான் சாமி நல்லாப் பேசுனேன்." உண்ணாமலை கீழே உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னா அவரு நாலு நாளு படுத்துக்குவாரு. வர்றவங்க போறவங்ககிட்ட சொன்னா ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சிடுறாங்க. எனக்கு ஆறுதல் வேணாம். வாயில இருக்குறதச் சொல்லணும், அந்தப் பக்கம் ஒரு மனுசன் இருக்கணும். நீங்க இருந்தீங்க."

"என்னம்மா சொன்ன?"

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "பாதி உங்களத் திட்டுனதுதான். என் புள்ளய ஏன் அந்த மேட்டுல நிக்க வச்சீங்க, வேற ஆளு கெடைக்கலயான்னு. நாக்குல வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிருக்கேன்."

மாடு தொட்டியில் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சாமிதுரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலதிகாரி முன்னால் உட்காருகிற மாதிரி இருந்தது அது. மெஷினை விரலால் சரி செய்துகொண்டார்.

"இப்பத் திட்டும்மா. நல்லாக் கேக்குது."

உண்ணாமலை அவரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவள் வாயோரத்தில் மகனுடைய அதே அரைச்சிரிப்பு வந்தது.

"திட்டி முடிச்சாச்சு சாமி. போன வருசமே முடிஞ்சிடுச்சு. இப்பல்லாம் மாட்டப் பத்தியும் என் நாத்தனாரப் பத்தியுந்தான் பேசுறேன்."

சாமிதுரை முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அசோக் பாதி எழுந்துவிட்டான். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மலையிலிருந்து இறங்கியபின் அவர் அப்படிச் சிரித்து அசோக் பார்த்ததில்லை.

"இத்தன நாளு நானே பேசிட்டேன்" என்றாள் உண்ணாமலை. "இப்ப நீங்க சொல்லுங்க. அவன் அங்க எப்படி இருந்தான்? பொட்டியோட வந்த ஆபீசருங்க வீரன் வீரன்னாங்க. எனக்கு அது வேணாம். என்ன தின்னான், யார்கூட சண்ட போட்டான், அதச் சொல்லுங்க."

சாமிதுரை தொண்டையைச் செருமினார். பனியில் தமிழரசன் எல்லோருக்கும் முருங்கைக்கீரை வதக்கித் தருவதாகச் சொல்லி, மலையில் கிடைத்த எதையோ பறித்துவந்து வதக்கினதைச் சொன்னார். தின்றவர்கள் இரண்டு நாள் பேதியில் தவித்ததையும், அதில் தானும் ஒருவர் என்பதையும் சொன்னார். அசோக் குறுக்கே புகுந்து, சாப் அன்று அவனைத் திட்டுவதற்கு வாய் திறப்பார், திறந்ததும் ஓடுவார் என்றான். உண்ணாமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அவனுக்கு முருங்கைக்கும் அகத்திக்குமே வித்தியாசம் தெரியாதே! அந்தக் கையால வாங்கித் தின்னீங்களா?"

"எங்கம்மா கத்துக்குடுத்ததுன்னு சொன்னான்மா."

"பொய்யி! அடுப்படி பக்கமே வரமாட்டான்."

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அவள் நடுவில் எழுந்து உலை வைத்தாள், அடுப்படியிலிருந்தே கேள்வி கேட்டாள். சாமிதுரை ஒவ்வொன்றுக்கும், கத்தாமல், சாதாரணக் குரலில் பதில் சொன்னார். அசோக் வாசலுக்கு வந்து மேகலாவுக்குப் போன் போட்டான்.

"மதியச் சாப்பாடு இங்கதான். மில்லத் தொறந்து நீயே அரைச்சிடு. எந்த பஸ்ஸுன்னு தெரியல."

"ஏன், அங்க என்ன நடக்குது?"

"தெரியல. தமிழரசன மாட்டி விட்டுக்கிட்டு இருக்காங்க ரெண்டு பேரும்" என்றான் அசோக். உள்ளே திரும்பவும் சிரிப்புச் சத்தம் கேட்டது. தன்னையும் ஏதோ சொல்லி மாட்டிவிடுகிறார்கள் என்று தோன்றவும், அவன் அவசரமாக உள்ளே போனான்.