சிட்டுவின் பொத்தான்கள்

விடியும் முன்பே கொதிகலன் வாயில் விறகைத் திணித்துக்கொண்டிருந்தேன். முகம் வெந்தது. மேலே சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகள் மலையாய்க் கிடந்தன. அவற்றைத் துணி தேய்க்கும் சுடுஉருளை மெஷினுக்குள் விடுவது என் தங்கை. விரலைத் தடுக்கும் காப்புக் கம்பியை முதலாளி போன வாரம்தான் கழற்றினான். வேலை வேகமாக நடக்கணுமாம், பாவி!

தங்கை மகள் சிட்டு துணிமூட்டைமேல் இருப்பாள். எட்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. கழுத்தில் பேசும் பெட்டி, பள்ளி டீச்சர் கொடுத்தது. படப் பொத்தானை அழுத்தினால் பதிந்த குரல் பேசும். குரல்கள் எங்களுடையவை. 'வேணாம்' இஸ்திரி அக்கா. 'பசிக்குது' மெஷினை ஓட்டி நிறுத்தும் சுவிட்சுக்காரன்; அந்தச் சாப்பாட்டு ராமனை விட்டால் வேறு யார்? இரைச்சல் தாங்காதபோது அழுத்தும் 'நிறுத்து' நான். முன்பெல்லாம் தாகமெடுத்தாலே சுவரில் தலையை மோதுவாள். பெட்டி வந்தபின் அவளாகக் கேட்டாள், அவளாகக் குடித்தாள்.

அன்று விரிப்பின் மடிப்போடு தங்கையின் கையும் உள்ளே போனது. இரைச்சலில் அவள் அலறல் யாருக்கும் கேட்கவில்லை. சிட்டு குதித்து ஓடினாள். முதுகு காட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்த சுவிட்சுக்காரன் காதோடு பெட்டியை வைத்து அழுத்தினாள்.

"நிறுத்து!"

கொதிகலன்காரன் நான் சொன்னால் கேள்வி கேட்காமல் நிறுத்துவது எங்கள் வழக்கம். ஆவி மிஞ்சினால் கொதிகலன் வெடித்து எல்லோரும் செத்தோம். நான்தான் கத்துகிறேன் என்றெண்ணித் திரும்பிக்கூடப் பாராமல் சுவிட்சை இழுத்தான்.

இரைச்சல் சட்டென நின்றதும் மேலே ஓடினேன். உருளை முழுக்க ரத்தம். இரண்டு விரல்கள் நசுங்கித் தொங்கின. "புள்ளையப் பாத்துக்கண்ணே" என்று முனகியவளை விரிப்பில் கிடத்தி, கூடத்துப் பெண்கள் சிலர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள்.

"எவன்டா நிறுத்தினது?" முதலாளி வந்தான்.

"தங்கச்சி கை போயிருச்சுங்க."

"கைதானே போச்சு? ஆர்டர் போனா உங்கப்பனா குடுப்பான்? ஓட்டுங்கடா!"

சிட்டு மறுபடி அழுத்தினாள். "நிறுத்து!"

"பெட்டியும் எனக்கு அதிகாரம் பண்ணுதா?" வாரை அறுத்துப் பெட்டியைத் தரையில் அடித்தான். பூட்ஸ் காலால் மிதித்தான். என் குரல் பாதியில் செத்தது. சிட்டு தன் கையைக் கடித்துக் குதறினாள். தலையைச் சுவரில் மோதினாள். பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன். மூலையில் கிடந்த இரும்புத் தடியை எடுத்து என் தோளில் போட்டான். விழுந்தேன்.

விழுந்து கிடந்த என்னிடம் சிட்டு வந்தாள். என் நெஞ்சில் விரலை வைத்து அழுத்தினாள். எனக்குப் புரிந்துவிட்டது. "நிறுத்து!" என்றேன்.

அடுத்து இஸ்திரி அக்காவின் வயிற்றில் அழுத்தினாள்.

"வேணாம்! கம்பி மாட்டாம இந்த மெஷின் ஓட வேணாம்!"

"வயிறு காஞ்சா தன்னால வருவீங்க. டேய், சுவிட்சப் போடு!"

சுவிட்சுக்காரன் கை மேலே போனது. சிட்டு ஓடிப்போய் அவன் தொந்தியில் அழுத்தினாள்.

"பசிக்குது" என்றான். கையை இறக்கி, சுவிட்சுக்குக் கீழேயே சப்பணமிட்டு உட்கார்ந்தான். "பசிக்கட்டும் முதலாளி. கம்பியை மாட்டுங்க. புள்ளைக்குப் பெட்டி வாங்கிக் குடுங்க. அப்புறம் பேசலாம்."

ஒவ்வொருவராக அவன் பக்கத்தில் உட்கார்ந்தோம். கீழே நெருப்பு தணிந்துகொண்டிருந்தது. விறகு போட நான் எழவில்லை. சிட்டு என் மடியில் ஏறி, இன்னொரு தடவை நெஞ்சில் அழுத்தினாள்.

கூடமே சேர்ந்து கத்தியது: "நிறுத்து!"