உப்பு வேர்த்த புல்

சந்தாபுராவில் எங்கள் அபார்ட்மென்டில் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் எல்லாம் ஒரு ஜல்லிப் படுகைக்குப் போகும். அங்கே நட்ட கல்வாழை அழுக்கைக் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தோட்டத்துக்கு அனுப்பும். எந்நேரமும் ஈரத்தில் நிற்கிற செடி. தண்டு வழியாக வேருக்குக் காற்று இறக்கிக்கொள்ளும். ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டது நான்தான்.

போர்வெல் தண்ணீரில் முடி கொட்டுகிறதென்று, கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மாட்டினார்கள். அதை வாரம் மூன்று மூட்டை உப்பைக் கரைத்துக் கழுவ வேண்டும். கழுவின தண்ணீர் நேரே படுகைக்கு. கல்வாழைக்கும் எனக்கும் ஒரே மாதத்தில் பி.பி. வந்தது. எனக்கு டாக்டர் உப்பைக் குறைத்தார். அது பாவம், உப்பையெல்லாம் கிழட்டு இலைகளில் தள்ளி உதிர்த்துப் பார்த்தது.

"புத்தியுள்ள செடி" என்றாள் என் மனைவி சிந்தியா, என்னையே பார்த்துக்கொண்டு.

அபார்ட்மென்ட் கமிட்டிச் செயலாளர் பிரபாவிடம் போனேன். "உப்புத்தண்ணிய மட்டும் வேற பக்கம் திருப்பும்மா."

"எந்தப் பக்கம், பெர்னார்ட் அங்கிள்? உங்க தலைல முடியும் இல்ல, கவலையும் இல்ல. அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கமிட்டி வந்து பாக்கும். செடி செத்திருந்தா அழுக்குத்தண்ணிய அள்ளிட்டுப் போக டேங்கர், அந்த இடத்துல பார்க்கிங்."

கல்வாழை ஆறுதான் மிச்சம், அதுவும் சாய்ந்து. அப்போதுதான் யாரும் நடாத ஒரு புல் கிளம்பியது. பேர் தெரியாது. குடித்த உப்பை இலை வழியாக வேர்த்துத் தள்ளியது. காலையில் இலையெல்லாம் வெள்ளைப் பொடி. சிந்தியா ரசத்துக்கு உப்புப் போடாத அன்று ஒரு இலையை அதில் கலக்கிக் குடித்தேன். கழுவவில்லை, கழுவினால் உப்பு போய்விடும். ஹெப்பகோடியிலிருந்து ஒரு எருமை ஆட்டோவில் வந்து நக்கிவிட்டுப் போனது. மீட்டர் போடவில்லை என்று அதற்கு வருத்தம்.

கமிட்டி வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, புல் என் மார்பு உயரம். படுகை பிழைத்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை பத்தரைக்கு ஆறாவது மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், தோட்டக்காரர் வெங்கடசாமி படுகைக்குள் குனிந்திருக்கிறார். கத்தினேன். கீழே தண்ணீர் மோட்டார் ஓடிய சத்தத்தில் எடுபடவில்லை. லிஃப்டில் யாரோ சோபா ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாடியும் என் முழங்காலும் சேர்ந்து இறங்க இருபது நிமிஷம் ஆனது.

புல் முழுக்கக் கட்டுக்கட்டாக ஓரத்தில் கிடந்தது. ஆறு கல்வாழைக்கும் குச்சி நட்டு, சணல் கட்டி நிமிர்த்தியிருந்தார்.

"கமிட்டி வருதுன்னு களையெல்லாம் எடுத்துட்டேன் சார். வேரோட." வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "நல்லா இருக்கா?"

ஒரு வேரை எடுத்து ஜல்லிக்குள் திரும்பச் செருகினேன். பிடித்து எழ ஆறு வாரமாவது வேண்டும். பிரபாவும் மற்றவர்களும் கிளப் ஹவுஸ் பக்கம் வந்துவிட்டார்கள்.

"நல்லா இருக்கு, வெங்கடசாமி" என்றேன்.

சாஃப்ட்னர் அறையில் வால்வு திறந்த சத்தம் கேட்டது. செருகின வேரைச் சுற்றி உப்புத்தண்ணீர் ஏறியது.