புது ஷாக் அப்சார்பர்

"புது ஷாக் அப்சார்பர் போட்டிருக்கேங்க்கா, இனி மலையையே கட்டி இழுக்கலாம்" என்று தம்பி பீற்றிக்கொண்ட பிக்கப், இறக்கத்தில் வேகம் பிடித்தது. பின்னால் டிரெய்லரில் அக்காவின் வீட்டுச் சாமான்கள். கடைசியாக ஏற்றிய இரும்பு பீரோ வால்பக்கம் நின்றது.

கண்ணாடியில் டிரெய்லர் இடப்பக்கம் எட்டிப் பார்த்தது; பிறகு வலப்பக்கம். வேன் ஓட்டிப் பழகிய அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"டேய், பின்னாடி ஆடுதுடா!"

"ஷாக் புதுசுக்கா..."

"அதப் போய் டிரெய்லர்கிட்ட சொல்லு!"

அவன் கால் பிரேக்கைத் தேடியது.

"மிதிக்காதடா, டிரெய்லர் தள்ளி வண்டி மடங்கிடும்! ஆக்ஸிலேட்டர விட்டுட்டு ஸ்டியரிங்க நேரா பிடி!"

பிடித்தான். ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்து, வண்டி ஓரமாக நின்றது. தம்பி இறங்கிப் போய் டிரெய்லரைப் பார்த்தான்.

"வால்ல பாரம் இருக்கிறதாலதான் ஆடுது, பீரோவ முன்னாடி நகர்த்திடுறேங்க்கா."

"நகர்த்து. மிச்ச இறக்கத்த நான் நடந்தே வர்றேன்."