டேப்பை மாற்றிய சனிக்கிழமை

15 நவம்பர் 2008, சனி. பொம்மசந்திரா.

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். யாரும் சொல்லாமல், வண்டி ஓடும் பாதையில் இருந்த பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். ஒட்டும்போது அது தவறு என்று தெரியவில்லை. நன்றாகத்தான் ஒட்டினேன். அதனால்தான் வம்பு வந்தது.

வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும். ஹார்டுவேர் கடை மாடியில் நடக்கும் எங்கள் மாலை வகுப்பில் பதினோரு பேர் இருக்கிறோம். எல்லோரும் இந்தப் பகுதிக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள், பத்தாவதைத் தனித்தேர்வாக எழுதப் படிக்கிறவர்கள். பாடம் நடத்துவது நோயல் சார். செப்டம்பரிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும், எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் உள்ள ஒரு பெரிய பள்ளியின் ரோபோ அணிப் பிள்ளைகள் தங்கள் பள்ளி வேனில் வருகிறார்கள். இப்படி வெளியாட்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர்கள் அணியின் வேலைகளில் ஒன்றாம். அணித்தலைவி பார்கவி. புரோகிராம் எழுதுவது தருண். முதல் நாள் நான் அவனை சார் என்று கூப்பிட்டுவிட்டேன். எனக்கு இருபத்தொரு வயது, அவன் பத்தாம் வகுப்பு. காது சிவந்துபோய், "அக்கா, சார் வேண்டாம்க்கா. இவங்க ஸ்கூல் ஃபுல்லா சொல்லிக் கலாய்ப்பாங்க" என்றான். பக்கத்தில் இருந்த, என்னோடு படிக்கும் லட்சுமம்மா அக்கா, "சரிங்க சார்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்புதான், இன்றுவரை யாரும் சனிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை.

அவர்கள் ரோபோ என்பதை நாங்கள் வண்டி என்கிறோம். பிளாஸ்டிக் கட்டைகளைக் கோத்துச் செய்தது, செருப்புப் பெட்டி அளவு இருக்கும். அடியில் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு கண்ணும் உண்டு. விளக்கின் வெளிச்சம் தரையில் பட்டுத் திரும்புவதைக் கண் அளக்கும். பழைய பிறந்தநாள் ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு டேப்பால் வளைந்த பாதை ஒட்டியிருந்தார்கள். கறுப்பு தெரிந்தால் வலப்பக்கம் திரும்பு, வெள்ளை தெரிந்தால் இடப்பக்கம் திரும்பு. இந்த இரண்டு கட்டளையையும் தருணின் லேப்டாப்பில் கோத்தது நான். கோத்து முடிக்க மூன்று வாரம் ஆனது. சரியாகத்தான் இருக்கிறதா என்று தினமும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போவேன்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் பள்ளியில் கண்காட்சி. நாங்கள் செய்த வண்டியை நாங்களே ஓட்டிக் காட்டலாம் என்று பார்கவி அனுமதி வாங்கியிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. எங்கள் புரோகிராமில், யாரும் கை வைக்காமல், வண்டி தொடர்ந்து மூன்று சுற்று வர வேண்டும். வராவிட்டால் பிள்ளைகளே தங்கள் வண்டியைக் காட்டுவார்கள், எங்களைக் கூட்டிப்போக முடியாது. அதைப் பார்த்து முடிவு செய்யும் நாள் இன்றுதான். அந்தப் பள்ளியின் மதில் சுவரைக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். அதற்குள்ளே போக வேண்டும், அதுவும் நான் எழுதிய ஒன்றைக் காட்டப் போக வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை லட்சுமம்மா அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

ஷிஃப்ட் முடிந்து நேராக வந்ததால் முதல் ஆளாகப் போய்விட்டேன். பேனரை விரித்தேன். பழைய டேப் நான்கைந்து இடத்தில் உரிந்து, ஓரம் நைந்து தொங்கியது. பகலெல்லாம் ஒயர்க் கட்டுக்கு டேப் சுற்றுகிறவளால் அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எங்கள் லைனில் நைந்த டேப் அடுத்த மேஜைக்குப் போகவே கூடாது. என் பையில் கம்பெனி டேப்பின் மிச்சச் சுருள் ஒன்று இருந்தது. பழையதை உரித்து, உருட்டி, கீழே குப்பை வண்டியில் போட்டேன். வளைவுகளில் சுருக்கம் விழாமல் இழுத்து இழுத்து ஒட்டினேன். எழுந்து நின்று பார்த்தபோது மை போட்ட மாதிரி இருந்தது. யாராவது கவனித்துச் சொல்வார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். பார்கவி என்னையே பொத்தானை அழுத்தச் சொன்னாள். வண்டி நேராகப் போனது, முதல் வளைவில் தயங்கியது, பிறகு டேப்பைத் தாண்டிப் போய் நோயல் சாரின் நாற்காலியில் முட்டியது. மறுபடி விட்டோம். இந்த முறை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. பேட்டரி மாற்றிப் பார்த்தார்கள், சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்கள். தருண் லேப்டாப் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் புரோகிராமை மேலும் கீழும் பார்த்தான். போன வாரம் சரியாக ஓடியதே என்று அவனுக்குள் பேசிக்கொண்டான். வேன் டிரைவர் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்று இரண்டு தடவை மேலே வந்து போனார்.

கடைசியில் தருண் என்னைப் பார்க்காமல் சொன்னான். "அக்கா, இதை அழிச்சிட்டு நான் எழுதினதப் போட்டுப் பாக்கறேன். ஓடுச்சுன்னா தப்பு எங்கன்னு தெரிஞ்சிடும்."

பார்கவி மெதுவாக, "ஆனா அது இவங்க புரோகிராம் இல்லையே தருண்" என்றாள். அவள் முகத்தில் வருத்தம்தான் தெரிந்தது.

எனக்கு அப்போதுதான் டேப் ஞாபகம் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது. சம்பந்தம் இல்லையென்றால் இத்தனை பேர் முன்னால் அசட்டுத்தனம். இருந்தால் எல்லோருடைய பயணத்தையும் கெடுத்தவள் நான். லைனில் ஒரு தவறு தெரிந்தால் அந்த ஒயர்க் கட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி நம் டோக்கன் நம்பரை எழுதுவார்கள். சாயங்காலம் வரை அது எல்லோர் கண்ணிலும் படும். தருணின் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"தருண், இருப்பா. டேப்ப நான் மாத்திட்டேன்."

"எப்போக்கா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி. பழசு உரிஞ்சு கெடந்துச்சு. எங்க கம்பெனி டேப்ப ஒட்டினேன்."

அவன் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பேனரில் வைத்துப் பாதையை ஓரமாகப் பார்த்தான். பிறகு என்னையும் படுத்துப் பார்க்கச் சொன்னான். சுடிதாரோடு தரையில் படுத்தேன். டேப்புக்குள் ட்யூப்லைட் முழுசாகத் தெரிந்தது. கறுப்புத்தான், ஆனால் பளபளவென்று வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. வண்டியின் கண்ணுக்கு அது பாதி இடத்தில் வெள்ளை. பழையது பளபளப்பில்லாத துணி டேப், அதன் சுருள் பள்ளியில் இருக்கிறதாம்.

லட்சுமம்மா அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "ஹௌதா, அப்படியா! தலையே வாரிக்கலாம் போலிருக்கே. நீ இவ்ளோ நீட்டா ஒட்டாம இருந்திருக்கலாம்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தருணும் சிரித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"பளபளன்னு இல்லாத கறுப்பு வேணும்னா நோயல் சார் போர்டுதான் இருக்கு. அதுமேல ஓட்டுங்க" என்றாள் அக்கா அதே கிண்டலோடு. தருண் சிரிப்பை நிறுத்தினான். பார்கவியைப் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் கரும்பலகையைப் பார்த்தார்கள்.

அதில் தனிவட்டிக் கணக்கு இருந்தது, மூலையில் "அழிக்க வேண்டாம்" என்று நோயல் சார் கட்டம் கட்டி எழுதியிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் ஆறு பேர் சேர்ந்து பலகையை ஆணியிலிருந்து இறக்கித் தரையில் போட்டோம். துடைத்தோம். பார்கவி சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்துக் கனமான வெள்ளைக் கோடு போட்டாள். இப்போது எல்லாம் தலைகீழ், கறுப்பில் வெள்ளை. என் கட்டளைகளை மாற்றியாக வேண்டுமே என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. வண்டி கோட்டுக்கு மேல ஓடலையே, கறுப்பும் வெள்ளையும் சேர்ற ஓரத்தப் புடிச்சுதான் ஓடுது. நீங்க எழுதினது அதுதான்" என்றான் தருண். எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் வெள்ளை என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஓர் எண்ணை மட்டும் அவன் அளந்து சொன்னான், நான் தட்டினேன். மூன்று வாரமாக நான் எழுதியது என்னவென்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பொத்தானை அழுத்தினேன். வண்டி கோட்டின் ஓரத்தைப் பிடித்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனது. பலகையின் நடுவில் இரண்டு மரத்துண்டும் சேரும் இடத்தில் ஒரு குதி குதித்தது. முதல் சுற்று. இரண்டாவதில் சக்கரங்களெல்லாம் வெள்ளையாகி, போகிற வழியெல்லாம் மெல்லிய தடம் விழுந்தது. மூன்றாவது சுற்றில் கடைசி வளைவில் கோடே கலங்கிப்போய் இருந்தது. வண்டி அங்கே நின்று, இப்படியும் அப்படியும் பார்த்து, பிறகு ஏதோ முடிவு செய்த மாதிரி திரும்பி வந்து என் காலடியில் முட்டியது. நோயல் சார்தான் முதலில் கை தட்டினார். திங்கட்கிழமை பலகை ஆணியில் இருக்க வேண்டும் என்பதையும் கை தட்டிக்கொண்டே சொன்னார்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் பட்டியலில் பார்கவி என் பெயரை முதலில் எழுதிக்கொண்டாள். வண்டியைப் பற்றி அங்கே யார் பேசுவது என்று கேட்டதற்கு எல்லோரும் என்னைக் காட்டினார்கள். டேப் விஷயத்தையும் சொல்ல வேண்டுமா என்றேன். "அதத்தான்க்கா மொதல்ல சொல்லணும்" என்றான் தருண். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வேன் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பலகையில் ஓடும்படி எண்ணை மாற்றியாகிவிட்டது, எல்லோருக்கும் இதன் மேல்தான் நம்பிக்கை. அதனால் அடுத்த சனிக்கிழமை பலகையும் எங்களோடு பள்ளிக்கு வர வேண்டும். எந்த பஸ்ஸிலும் அதை ஏற்ற மாட்டார்கள். லட்சுமம்மா அக்காவின் தம்பி எத்திராஜ் லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறார், ஞாயிறு காலையில் வீட்டில் இருப்பார்.

நாளை: பலகையின் நீளம், அகலம் இரண்டையும் அளந்துகொண்டு, பத்து மணிக்குள் அவரிடம் போய், ஆட்டோவில் படுக்கவைக்க இடம் இருக்குமா என்று கேட்க வேண்டும்.